வீட்டில் 192.168.1.64 என்றால் கேமரா வருகிறது, ஆபீஸில் வரவில்லை: என் ஐபி உண்மையில் எது?

மர்ஃபி_டவுன் | 7 ஜூன், காலை 8.10

என் லேப்டாப்ல ஐபி 192.168.1.34ன்னு காட்டுது. கே.ஆர்.புரத்துல மாமா வீட்லயும் அதே 192.168.1.34. அவருக்கு வேற நெட் கம்பெனி. ஒரே நம்பரை ரெண்டு வீட்டுக்குக் கொடுத்துட்டாங்க, அதனாலதான் என் டிவிஆர் (கேமரா படத்தைப் பதிவு பண்ற பெட்டி) வெளியே இருந்து திறக்க மாட்டேங்குதுன்னு நினைக்கிறேன். வீட்டு வைஃபைல ஃபோன்ல 192.168.1.64 அடிச்சா கேமரா வருது. ஆபீஸ்ல அதையே அடிச்சா சுத்திக்கிட்டே இருக்கு. நெட் போட்ட பையன் ஸ்டேட்டிக் ஐபி, அதாவது மாறாத எண், வாங்குங்கங்கிறான். வாங்கினா இந்த மோதல் தீருமா?

முறுக்கு_கம்பி | 7 ஜூன், காலை 9.25

மோதலே இல்லை. 192.168.1.34 நெட் கம்பெனி கொடுத்த எண் அல்ல. உங்கள் வீட்டு ரவுட்டர் கொடுத்தது. மாமாவுக்கு அவர் ரவுட்டர் கொடுத்தது.

பெங்களூரில் இருப்பவருக்கு இதைச் சொல்வது சுலபம். இந்திரா நகரில் ஒரு 80 அடி ரோடு, கோரமங்களாவில் ஒரு 80 அடி ரோடு. இந்திரா நகருக்குள் நின்றுகொண்டு '80 அடி ரோட்டுக்கு விடுங்க' என்றால் ஆட்டோக்காரருக்குப் புரியும். ஊருக்கு வெளியே இருந்து கூரியர் அனுப்புபவர் அப்படி மட்டும் எழுதினால் பார்சல் வராது. 192.168.1.34 அந்த ரோடு. ஆபீஸில் உட்கார்ந்து 192.168.1.64 அடித்தால், ஆபீஸ் வலைக்குள் அந்த எண்ணில் யார் இருக்கிறார்கள் என்றுதான் தேடும். அங்கே யாரும் இல்லாவிட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும். யாராவது இருந்தால் ஆபீஸ் பிரிண்டரின் பக்கம் திறந்து உங்களைக் குழப்பும்.

இப்படி எந்த வீடும் எந்த ஆபீஸும் யாரையும் கேட்காமல் வைத்துக்கொள்ளலாம் என்று 1996-ல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய நெறி ஆவணம் மூன்று கூட்டங்களை ஒதுக்கியிருக்கிறது. 10-ல் தொடங்குபவை, 172-ல் தொடங்குபவை, 192.168-ல் தொடங்குபவை. இவை இணையத்தின் நடுச்சாலையில் ஓடாது.

ஸ்டேட்டிக் ஐபிக்குக் காசு கட்டும் முன் ஒரே ஒரு ஒப்பீடு செய்யுங்கள்: ரவுட்டரின் வான் பக்கத்தில் இருக்கும் முகவரியும், வெளி உலகம் பார்க்கும் முகவரியும் ஒன்றா, வேறா. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

முறுக்கு_கம்பி | 7 ஜூன், காலை 9.50

மேலே அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டேன். 172-ல் தொடங்கும் எல்லாம் உள் முகவரி அல்ல. 172.16 முதல் 172.31 வரை மட்டும். 172.15-ம் 172.32-ம் சாதாரண வெளி முகவரிகள். 192-லும் 192.168 மட்டும்தான் உள்.

மர்ஃபி_டவுன் | 7 ஜூன், காலை 10.05

வான்னா? எங்க பார்க்கணும்?

முறுக்கு_கம்பி | 7 ஜூன், பகல் 12.30

வீட்டுப் பக்கம் லேன், வெளிப் பக்கம் வான். வானம் பார்த்த பூமி மாதிரி ரவுட்டரின் அந்தப் பக்கம் நெட் கம்பெனியைப் பார்த்தபடி இருக்கும். மேலிருந்து எது விழுகிறதோ அதுதான் அதன் முகவரி.

முதலில் கருவியின் உள் முகவரி. விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ஆங்கிலத்தில் ஐபிகான்ஃபிக் என்று இடைவெளியில்லாமல் அடியுங்கள். ஐபிவி4 அட்ரஸ் என்ற வரி உங்களுடையது, டிஃபால்ட் கேட்வே என்ற வரி ரவுட்டருடையது. ஐந்தாறு அடாப்டர் காட்டினால் மிரளாதீர்கள், கேட்வே வரி நிரம்பியிருக்கும் அடாப்டரை மட்டும் பாருங்கள். விர்ச்சுவல் மெஷின் மென்பொருள் போட்டிருந்தால் அதற்கென்று தனி 192.168 ஒன்று இருக்கும், கேட்வே இருக்காது. ஆண்ட்ராய்டில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரம், ஐஃபோனில் நீல வட்டத்தில் உள்ள ஐ.

அந்த கேட்வே எண்ணை பிரவுசரில் அடித்தால் ரவுட்டரின் பக்கம் வரும். பாஸ்வேர்ட் பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். உள்ளே ஸ்டேட்டஸ் அல்லது இன்டர்நெட் என்ற பக்கத்தில் வான் ஐபி. அதை ஒரு தாளில் எழுதுங்கள்.

பிறகு அதே வைஃபையில் இருந்துகொண்டு கூகுளில் ஆங்கிலத்தில் வாட் இஸ் மை ஐபி என்று தேடுங்கள். வருவது வெளி முகவரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

கண்ணாடி_இழை | 7 ஜூன், பகல் 1.15

முறுக்கு அண்ணா சொன்னதோடு இரண்டு எச்சரிக்கை. விபிஎன் (வேறு சர்வர் வழியாக நெட்டைச் சுற்றிவிடும் மென்பொருள்) ஓடிக்கொண்டிருந்தால் விபிஎன் சர்வரின் முகவரிதான் தெரியும், அணைத்துவிட்டுப் பாருங்கள். ஐஃபோனில் சஃபாரி என்றால் பிரைவேட் ரிலேவும் அதே வேலையைச் செய்யும். இரண்டாவது, சில தளங்கள் ஐபிவி6 என்ற புதுவகை முகவரியைக் காட்டும். நடுவே முக்காற்புள்ளிகளோடு எழுத்தும் எண்ணுமாக நீளமாக வந்தால் அது வேறு சரக்கு. அதை ரவுட்டரின் ஐபிவி4-ஓடு (நாம் பேசும் நாலு எண் முகவரி) ஒப்பிட்டு 'ரெண்டும் வேற' என்று முடிவு கட்டாதீர்கள்.

மர்ஃபி_டவுன் | 7 ஜூன், இரவு 9.40

வான் ஐபி 192.168.100.7. கூகுள் காட்டுறது 203.0.113.45.

நிர்வாகி | 7 ஜூன், இரவு 9.55

வெளி முகவரியைப் பொதுவில் ஒட்ட வேண்டாம். பதிவில் இருந்ததை எடுத்துவிட்டு 203.0.113.45 போட்டிருக்கிறேன். இந்த 203.0.113 கூட்டம் எடுத்துக்காட்டு எழுதுவதற்கென்றே ஒதுக்கியது, யார் வீட்டு எண்ணும் அல்ல.

முறுக்கு_கம்பி | 7 ஜூன், இரவு 10.20

192.168.100.7 என்றால் உங்களுக்கு மேலே இன்னொரு ரவுட்டர் உட்கார்ந்திருக்கிறது. சுவரில் நெட்காரர் மாட்டிவிட்டுப் போன வெள்ளைப் பெட்டிதான், ஃபைபர் உள்ளே போகிறதே, அந்த ஓஎன்யூ. வெறும் மாற்றுப் பெட்டி என்று நினைக்கிறோம். பெரும்பாலான வீடுகளில் அதுவும் முழு ரவுட்டராகவே ஓடுகிறது. பல ஹுவாவே பெட்டிகளின் கேட்வே 192.168.100.1 என்றே வரும், எனவே உங்களுடையதும் அந்த இனமாக இருக்கலாம்.

அதாவது ஒரு பேக்கெட் (தரவுத் துண்டு) வெளியே போக இரண்டு முறை முகவரி மாற்றிக்கொள்கிறது. முதலில் உங்கள் ரவுட்டரில், பிறகு ஓஎன்யூவில். இந்த முகவரி மாற்றத்தின் பெயர் நேட், இரண்டு முறை நடப்பதால் டபுள் நேட் என்கிறார்கள். யூடியூப் பார்க்க, மெயில் பார்க்க எந்தத் தொந்தரவும் இல்லை. உள்ளேயிருந்து தொடங்கும் பேச்சுக்கு ரவுட்டர் ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளும், பதில் வந்தால் யாருடையது என்று தெரியும். வெளியேயிருந்து தொடங்கும் பேச்சுக்குத்தான் சிக்கல். குறிப்பு இல்லாமல் வந்து கதவைத் தட்டுபவரை உள்ளே யாரிடம் அனுப்புவது? தூக்கிப் போட்டுவிடும். நீங்கள் ஆபீஸிலிருந்து டிவிஆரைத் திறப்பது அந்த வகை.

மூன்று வழி உண்டு.

நல்லது, ஓஎன்யூவை பிரிட்ஜ் மோடுக்கு, அதாவது ரவுட்டர் வேலை செய்யாமல் வெறுமனே கடத்திவிடும் பெட்டியாக, மாற்றச் சொல்லி நெட்காரரிடம் கேட்பது. அதன் பிறகு பிபிபிஓஇ (நெட் கம்பெனிக்குள் லாகின் ஆகும் முறை) யூசர்நேம், பாஸ்வேர்ட் இரண்டையும் உங்கள் ரவுட்டரில் போட வேண்டும். பல இணைப்புகளில் விலேன் எண்ணும் (ஒரே கம்பியில் உங்கள் நெட் ஓடும் தடத்தின் எண்) கேட்கும். மூன்றையும் வாங்காமல் பிரிட்ஜுக்குச் சம்மதிக்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமை முழுக்க நெட் இல்லாமல் உட்கார வேண்டிவரும். ஓஎன்யூவிலிருந்து லேண்ட்லைன் ஓடினால் பிரிட்ஜில் அது நிற்குமா என்பதையும் முன்பே கேளுங்கள்.

இரண்டாவது, உங்கள் ரவுட்டரை வெறும் வைஃபை கொடுக்கும் பெட்டியாக்குவது. அதன் டிஹெச்சிபியை (கருவிகளுக்குத் தானாக முகவரி பங்கிடும் வேலை) நிறுத்தி, அதன் லேன் முகவரியை 192.168.100.2 ஆக்கி, ஓஎன்யூவிலிருந்து வரும் கம்பியை வான் துளையிலிருந்து பிடுங்கி ஒரு லேன் துளையில் செருக வேண்டும். வரிசை முக்கியம். டிஹெச்சிபியை முதலில் நிறுத்திவிட்டால் முகவரி மாற்றுவதற்கு ரவுட்டருக்குள் நுழைவதே கஷ்டமாகிவிடும். முகவரி முதலில், டிஹெச்சிபி பிறகு, கம்பி கடைசியில்.

மூன்றாவது, இரண்டு பெட்டியிலும் போர்ட் ஃபார்வேர்டிங் போடுவது, அதாவது இந்தக் கதவு எண்ணில் (போர்ட்) தட்டுபவரை டிவிஆரிடம் அனுப்பு என்று விதி எழுதுவது. வேலை செய்யும். ஆறு மாதம் கழித்து எதை எங்கே போட்டோம் என்று யாருக்கும் நினைவிருக்காது.

கண்ணாடி_இழை | 8 ஜூன், காலை 7.30

எஸ்.பி. ரோட்டில் புது ரவுட்டர் வாங்கிச் செருகியதும் 'நெட் வரலை' என்று இங்கே எழுதுபவர்களுக்கும் பாதி நேரம் இதே கதைதான். ஓஎன்யூவும் 192.168.1.1, புது ரவுட்டரும் 192.168.1.1. இரண்டு பக்கமும் ஒரே கூட்டம் என்றால் ரவுட்டருக்கு எந்தப் பக்கம் அனுப்புவது என்றே தெரியாது. சில மாடல்கள் தாங்களே கண்டுபிடித்து 192.168.0.1-க்கு நகர்ந்துவிடும். நகராவிட்டால் நீங்கள் நகர்த்துங்கள்.

மர்ஃபி_டவுன் | 10 ஜூன், மாலை 6.15

பிரிட்ஜ் ஆச்சு, விலேன் எண் வாங்கிப் போட்டேன். இப்ப வான் ஐபி 100.72.18.5. கூகுள் இன்னும் அதே 203.0.113.45. நெட் பையன் '192-ம் இல்ல 10-ம் இல்ல, அப்ப இது பப்ளிக் ஐபிதான் சார்'ங்கிறான். போர்ட் ஃபார்வேர்டும் போட்டுப் பார்த்தேன். ஒண்ணும் வரலை.

முறுக்கு_கம்பி | 10 ஜூன், இரவு 8.45

பையன் சொல்வது தப்பு. இதைத்தான் முதல் நாளே பயந்தேன்.

100.64.0.0 முதல் 100.127.255.255 வரை ஒரு கூட்டம் இருக்கிறது. 2012-ல் ஆர்எஃப்சி 6598 என்று வந்தது. மொத்தம் 41,94,304 முகவரிகள். இவை வீட்டுக்கும் இல்லை, வெளி உலகத்துக்கும் இல்லை. நெட் கம்பெனி தன் வாடிக்கையாளர்களுக்கும் தன்னுடைய பெரிய நேட் இயந்திரத்துக்கும் நடுவே மட்டும் வைத்துக்கொள்ள. அந்த ஏற்பாட்டின் பெயர் சிஜிநேட். 100.72 அதற்குள் விழுகிறது. 100.63 என்றாலோ 100.128 என்றாலோ அது நிஜ வெளி முகவரி, அதனால் 100-ஐ மட்டும் பார்த்து எதுவும் சொல்லக் கூடாது, இரண்டாவது எண்ணையும் பாருங்கள்.

பிரிட்ஜ் போட்டு வீட்டுக்குள் இருந்த ஒரு நேட்டை எடுத்தோம். கம்பெனிக்குள் இருக்கும் நேட் அப்படியே இருக்கிறது. 203.0.113.45 உங்களுக்கு மட்டும் உரியதல்ல. அக்கம்பக்கத்து வீடுகள் பலவும் அதே எண்ணில்தான் வெளியே போகின்றன. ஒரு முகவரிக்கு 65,536 போர்ட். முதல் 1,024-ஐ ஒதுக்கிவிட்டு வீட்டுக்கு ஆயிரம் வீதம் பிரித்தால் 64 வீட்டை ஒரே முகவரியில் அடைத்துவிடலாம். உங்கள் ரவுட்டரில் போட்ட ஃபார்வேர்டிங் விதி சரியாகவே இருக்கலாம், ஆனால் பேக்கெட் அது வரைக்கும் வந்தால்தானே. கம்பெனி இயந்திரத்திலேயே கீழே விழுகிறது.

ஏன் இப்படி என்றால், ஐபிவி4-ல் மொத்தமே 429 கோடிச் சொச்சம் முகவரிகள். 2011 பிப்ரவரி 3 அன்று உலக அளவில் முகவரி பங்கிடும் ஐயானா கையில் இருந்த கடைசிப் பெரிய கட்டுகளைப் பகிர்ந்து கொடுத்துவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசியாவுக்கான ஏப்நிக், கடைசிக் கட்டை அளந்து கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு வளர்ந்த கம்பெனிகள் வெளி முகவரியைச் சந்தையில் விலைக்கு வாங்க வேண்டும், இல்லையேல் பங்கு போட வேண்டும்.

பங்கு போடுவதன் மற்ற வலிகள்: திடீரென்று 'நீங்கள் ரோபோவா' என்று கேட்டுத் தொல்லை, எப்போதோ யாரோ செய்த சேட்டைக்கு ஏதாவது ஒரு தளம் உங்களையும் சேர்த்துத் தடுப்பது, கேம் கன்சோலில் நேட் டைப் ஸ்ட்ரிக்ட் (பிறரோடு இணைந்து ஆடுவது தடுமாறும்).

கண்ணாடி_இழை | 10 ஜூன், இரவு 9.30

சேர்த்துக்கொள்ள வேண்டியது: சில கம்பெனிகள் சிஜிநேட்டுக்கு 100.64 வைக்காமல் 10-ஐயே வைக்கின்றன. வான் ஐபி 10-ல் தொடங்கினாலும் அதே நோய்தான்.

பேக்கெட் போகும் வழியை வரி வரியாகக் காட்டும் ட்ரேசர்ட் கட்டளையை வைத்துப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ட்ரேசர்ட், இடைவெளி, கழித்தல் குறி டி, இடைவெளி, 8.8.8.8. முதல் வரி உங்கள் ரவுட்டர், இரண்டாவது வரி அதற்கு மேலே இருப்பது. அங்கே 10 அல்லது 100.72 வந்தால் உடனே சிஜிநேட் என்று தீர்ப்பு எழுதாதீர்கள். நிஜ வெளி முகவரி வைத்திருக்கும் வீட்டுக்கும் கம்பெனியின் உட்சாலை உள் முகவரியில் ஓடலாம். சாட்சி வான் ஐபிதான், ட்ரேசர்ட் அல்ல.

முறுக்கு_கம்பி | 10 ஜூன், இரவு 9.40

சரி. நான் பலருக்கு ட்ரேசர்ட்டைச் சொல்லியிருக்கிறேன். இனி வான் ஐபி மட்டும்.

மர்ஃபி_டவுன் | 11 ஜூன், காலை 8.00

அப்ப டிடிஎன்எஸ் போட்டா? ஒரு வீடியோல இலவசம்னு சொன்னாங்க.

முறுக்கு_கம்பி | 11 ஜூன், காலை 8.20

சிஜிநேட்டில் டிடிஎன்எஸ் வீண். அது ஒரு பெயரை வெளி முகவரியோடு கட்டிவைக்கும், அவ்வளவுதான். அந்த வெளி முகவரி 64 வீட்டுக்குப் பொது என்றால் பெயரும் அபார்ட்மென்ட் கேட் வரைதான் கூட்டிக்கொண்டு போகும். எந்த ஃபிளாட் என்று செக்யூரிட்டிக்குத் தெரியாது.

முறுக்கு_கம்பி | 11 ஜூன், இரவு 10.10

நிதானமாக எழுதுகிறேன். சிஜிநேட்டுக்குப் பின்னால் இருந்துகொண்டு டிவிஆரை வெளியே பார்க்க என்னென்ன செய்யலாம்.

டிவிஆரின் சொந்த கிளவுட், அதாவது பெட்டியில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஆப்பில் ஸ்கேன் செய்வது. டிவிஆர் உள்ளேயிருந்து வெளியே போய்த் தன் கம்பெனி சர்வரோடு பேச்சைத் தொடங்கி அதைத் தொங்கவிட்டுக்கொண்டே இருக்கும். ஃபோனும் அதே சர்வருக்குப் போகும். இரண்டும் உள்ளேயிருந்து தொடங்குவதால் எந்த நேட்டும் தடுக்காது. போர்ட் எதுவும் திறக்க வேண்டாம். வீட்டு உபயோகத்துக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. டிவிஆரில் கேட்வேயும் டிஎன்எஸ்ஸும் (தளப் பெயரை ஐபியாக மாற்றித் தரும் சர்வரின் எண்) காலியாக இருந்தால் மட்டும் ஆஃப்லைன் என்றே காட்டும். கேமரா மாட்டுபவர்கள் ஐபியை மட்டும் கையால் போட்டுவிட்டு இந்த இரண்டையும் விட்டுவிடுவார்கள். கேட்வேயில் ரவுட்டரின் எண்ணைப் போடுங்கள், டிஎன்எஸ்ஸில் 8.8.8.8.

கிளவுட் பிடிக்காது என்பவர்களுக்கு டெயில்ஸ்கேல், உங்கள் கருவிகளை எங்கிருந்தாலும் ஒரே தனி வலையில் இணைக்கும் மென்பொருள். டிவிஆருக்குள் அதை நிறுவ முடியாது. அதனால் வீட்டில் எப்போதும் ஓடும் ஒரு லினக்ஸ் பெட்டி, ராஸ்பெர்ரி பையோ மூலையில் கிடக்கும் பழைய லேப்டாப்போ, வேண்டும். அதில் ஐபி ஃபார்வேர்டிங்கை இயக்கி, 192.168.1.0/24 (192.168.1-ல் தொடங்கும் எல்லா எண்ணும்) கூட்டத்துக்கு வழி காட்டுகிறேன் என்று அறிவிக்கச் செய்து, டெயில்ஸ்கேலின் நிர்வாகப் பக்கத்தில் அந்த வழியை அனுமதிக்க வேண்டும். அனுமதிக்கும் படியை மறந்துவிட்டு ஓடவில்லை என்பவர்கள்தான் அதிகம். பிறகு ஃபோனில் டெயில்ஸ்கேலை ஆன் செய்து வீட்டில் அடிக்கும் அதே 192.168.1.64 அடித்தால் கேமரா வரும்.

வெளி முகவரி கேட்டு வாங்குவது மூன்றாவது.

கண்ணாடி_இழை | 11 ஜூன், இரவு 10.45

டெயில்ஸ்கேல் போடுகிறவர்கள் கவனிக்க: ஆபீஸ் வைஃபையும் 192.168.1 கூட்டமாக இருந்தால் ஃபோனுக்குக் குழப்பம் வந்துவிடும். 192.168.1.64 என்றால் பக்கத்து மேஜையா, வீடா? 80 அடி ரோடு கதை திரும்ப வருகிறது. வீட்டு ரவுட்டரின் லேனை 192.168.47.1 மாதிரி யாரும் வைக்காத எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றியதும் கையால் ஐபி போட்ட கருவிகள் எல்லாம் அனாதையாகும். டிவிஆர், பிரிண்டர் இரண்டையும் புதுக் கூட்டத்துக்கு மாற்ற மறக்காதீர்கள்.

இன்னொரு குழப்பம். டெயில்ஸ்கேல் கொடுக்கும் முகவரிகளும் அதே 100.64 கூட்டத்திலிருந்துதான். லேப்டாப்பில் 100-ல் தொடங்கும் எண்ணைப் பார்த்துவிட்டு 'ஐயோ சிஜிநேட்' என்று நெட்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

முறுக்கு_கம்பி | 12 ஜூன், காலை 7.15

இந்தப் பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். பப்ளிக் ஐபி வேறு, ஸ்டேட்டிக் ஐபி வேறு. பப்ளிக் என்றால் உங்களுக்கே உரிய வெளி முகவரி. அது மாறலாம். ஸ்டேட்டிக் என்றால் மாறாதது. டிவிஆருக்கு வேண்டியது பப்ளிக். கரண்ட் போய் வந்தாலோ ரவுட்டரை அணைத்துப் போட்டாலோ எண் மாறுகிறது என்றால் அங்கேதான் டிடிஎன்எஸ்ஸுக்கு வேலை. ஆனால் பல கம்பெனிகள் இரண்டையும் ஒரே பொட்டலமாக ஸ்டேட்டிக் என்ற பெயரில் விற்கின்றன. கேட்கும்போது 'என்னை சிஜிநேட்டிலிருந்து வெளியே எடுக்க முடியுமா, மாறும் முகவரியானாலும் பரவாயில்லை' என்று கேளுங்கள். ஆம் என்றால் காசு மிச்சம்.

கண்ணாடி_இழை | 12 ஜூன், காலை 11.00

ஐபிவி6-ஐ யாரும் தொடவே இல்லையே. அதில் இந்தப் பங்குச் சண்டையே கிடையாது. ஒவ்வொரு கருவிக்கும் தனி வெளி முகவரி. 2-ல் தொடங்கினால் வெளி முகவரி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். எஃப்இ80 என்று தொடங்குவது அந்தக் கம்பிக்குள் மட்டும் செல்லுபடியாகும்.

தனி முகவரி இருப்பதால் திறந்த வீடு என்று பயப்பட வேண்டாம், ரவுட்டரின் ஃபயர்வால் வெளியேயிருந்து தொடங்கும் பேச்சை வழக்கமாகத் தடுக்கும். வேண்டிய கருவிக்கு மட்டும் விதி போட்டுத் திறக்கலாம், முகவரி மாற்றும் வேலை இல்லை. தொல்லை வேறு இடத்தில். பழைய டிவிஆர்களில் ஐபிவி6 இருக்காது. ஆபீஸ் வலையிலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கிருந்து எட்ட முடியாது. கம்பெனி கொடுக்கும் முன்பகுதி மாறினால் வீட்டில் எல்லா முகவரியும் மாறும்.

ஃபோனில் 192.0.0.4 என்று பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்பவர்களுக்கு: மொபைல் நெட் ஐபிவி6 மட்டும் கொடுக்கும்போது பழைய ஐபிவி4 ஆப்கள் ஓடுவதற்காக ஃபோன் தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் எண். ஃபோனைத் தாண்டி அதற்கு மதிப்பில்லை.

மர்ஃபி_டவுன் | 16 ஜூன், இரவு 8.30

மாறும் முகவரி கொடுக்க மாட்டாங்களாம், ஸ்டேட்டிக்தான் உண்டாம். வாங்கிட்டேன். இப்ப வான் ஐபியும் கூகுள் காட்டுறதும் ஒண்ணு. ஆனா போர்ட் ஃபார்வேர்ட் போட்டு வீட்ல இருந்தே வெளி ஐபியை அடிச்சா ரவுட்டர் லாகின் பக்கம் வருது!

முறுக்கு_கம்பி | 16 ஜூன், இரவு 9.20

இரண்டும் ஒன்று என்றால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

வீட்டுக்குள் இருந்து சோதிக்காதீர்கள். உள்ளேயிருந்து வெளி முகவரியை அழைத்தால் ரவுட்டர் அதைத் திருப்பி உள்ளேயே அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும். சில மாடல்களில் நேட் லூப்பேக் என்று இருக்கும், பலவற்றில் இல்லை. இல்லாதது தன் லாகின் பக்கத்தையே காட்டும். வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். அங்கேயும் லாகின் பக்கம் வந்தால் மட்டும் கவலைப்பட வேண்டும், ரிமோட் மேனேஜ்மென்ட் (வெளியேயிருந்து ரவுட்டருக்குள் நுழையும் வசதி) திறந்திருக்கிறது என்று பொருள். உடனே மூடுங்கள்.

இப்போது வரிசையாக. டிவிஆருக்கு 192.168.1.64-ஐ நிரந்தரமாக்குங்கள். ரவுட்டரில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற இடத்தில் டிவிஆரின் மேக் முகவரியோடு (கருவியிலேயே பதிந்த அடையாள எண்) அந்த எண்ணைக் கட்ட வேண்டும். டிவிஆரிலேயே கையால் போடுவதென்றால் டிஹெச்சிபி பகிரும் எல்லைக்கு வெளியே உள்ள எண்ணாகப் பாருங்கள். எல்லை 100 முதல் 199 வரை என்றால் 64 சரி. எல்லைக்குள் விழுந்தால் ஒரு நாள் விருந்தாளியின் ஃபோனுக்கும் 64 போய்விடும், அன்று நிஜமாகவே நீங்கள் முதலில் சொன்ன மோதல் வரும்.

ஃபார்வேர்டிங் விதியில் வெளிப் போர்ட், உள் போர்ட், உள் முகவரி, புரோட்டோகால் என்ற இடத்தில் டிசிபி. ஹிக்விஷன் என்றால் வழக்கமாக 8000, டாகுவா வகை என்றால் 37777, நேரடி வீடியோவுக்கு 554. பிரவுசர் பக்கத்துக்கான 80-ஐத் திறக்காதீர்கள். நெட் கம்பெனியே 80-ஐ அடைத்து வைத்திருப்பதும் உண்டு.

முறுக்கு_கம்பி | 16 ஜூன், இரவு 9.35

மறந்துபோனது, இதுதான் முக்கியம். வெளியே திறக்கும் முன் டிவிஆரின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஃபர்ம்வேர் புதுப்பியுங்கள், ரவுட்டரில் யுபிஎன்பியை (கருவிகள் தாமாகவே போர்ட் திறக்க விடும் வசதி) அணையுங்கள். 2016-ல் மிராய் என்ற நச்சுநிரல் கடைப் பாஸ்வேர்டோடு திறந்து கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்துப் படை திரட்டியது. அந்த அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் தடுமாறின. திறந்த போர்ட்டை யாரும் தேடி வரமாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். நிரல்கள் எல்லா எண்ணையும் வரிசையாகத் தட்டிக்கொண்டே போகின்றன.

இதை எழுதும்போது தோன்றுகிறது, காசு கட்டி வாங்கியாகிவிட்டது, சரி. ஆனால் கேமரா மட்டுமே தேவை என்றால் க்யூஆர் கோடே போதும் என்று முதல் நாளே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். 11-ஆம் தேதிதான் சொன்னேன்.

மர்ஃபி_டவுன் | 16 ஜூன், இரவு 9.50

மாமாவுக்கு க்யூஆர் கோடு போட்டுக் கொடுத்துடறேன் 😄

கண்ணாடி_இழை | 17 ஜூன், காலை 8.40

மாமா வீட்டில் ஏதாவது கருவி 169.254-ல் தொடங்கும் எண் காட்டினால் அதற்கு ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். கம்பியைப் பிடுங்கிச் செருகுங்கள், பிறகு டிஹெச்சிபி ஓடுகிறதா என்று பாருங்கள்.

ரிசர்வேஷன் போட்டும் ஃபோனுக்கு வேறு எண் வருகிறது என்பவர்களுக்கு: ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐஃபோனில் ஐஓஎஸ் 14 முதலும் ஃபோன் தன் நிஜ மேக் முகவரியை மறைத்து வைஃபைக்கு ஒரு பொய் முகவரி காட்டும். ரவுட்டர் பட்டியலில் இப்போது தெரியும் மேக் எதுவோ அதைக் கட்டுங்கள், இல்லாவிட்டால் வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை அணையுங்கள். டிவிஆருக்கு இந்தத் தொல்லை இல்லை.

மர்ஃபி_டவுன் | 17 ஜூன், இரவு 7.05

ஆபீஸ்ல இருந்து வருது. 8000 மட்டும் திறந்தேன், ஆப்ல போர்ட் எண்ணைப் போட மறந்து அரை மணி நேரம் போச்சு. இன்னொண்ணு: வெளி ஐபியை ஒரு தளத்துல போட்டா நான் சென்னைல இருக்கேன்னு சொல்லுது?

முறுக்கு_கம்பி | 17 ஜூன், இரவு 7.30

அந்தத் தளங்கள் முகவரிக் கட்டு எந்த ஊர்க் கணக்கில் பதிவாகியிருக்கிறது என்பதை வைத்து ஊகிக்கின்றன. ஊர் தப்பலாம், தெருவும் வீடும் தெரியவே தெரியாது. எந்த நேரத்தில் எந்த முகவரி யாரிடம் இருந்தது என்பது நெட் கம்பெனியின் பதிவேட்டில் மட்டும்.

ஒரு வேலை பாக்கி. பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்ட், விலேன் எண், ஸ்டேட்டிக் ஐபி, டிவிஆரின் உள் எண், திறந்த போர்ட், ஆறையும் ஒரு தாளில் எழுதி ரவுட்டருக்கு அடியில் ஒட்டுங்கள். யாராவது ஊசியால் ரீசெட் துளையை அழுத்தினால் அத்தனையும் போய்விடும். சில தளங்கள் மட்டும் திறக்காமல் அடம்பிடித்தால் ரவுட்டரின் எம்டியூ (ஒரு பேக்கெட்டின் உச்ச அளவு) 1500-ல் இருக்கிறதா என்று பாருங்கள், பிபிபிஓஇக்கு வழக்கமாக 1492.